தவசிமுத்துவின் இரண்டு வருட ஒப்பந்தம்

ஐப்பசியில் அடைமழை பிடித்து மைதானத்துக்குள் தவளைகள் குடியேறிய பிறகு எங்கள் ஊரில் யாரும் ஹாக்கி ஆடுவதில்லை, பேச மட்டும் செய்வோம். தண்டவாளத்துக்கு மேற்கே பிறந்தவர்கள் உதயம் கழகத்துக்கும் கிழக்கே பிறந்தவர்கள் சுடரொளிக்கும் என்று யாரையும் கேட்காமலே பங்கு பிரிந்துவிடுகிற ஊர் இது. மேற்கே பிறந்த நாங்கள் மழைக்காலம் முழுவதும், கொண்டல்சாமி வேலை பார்க்கிற லாரி எடைமேடையில், வண்டி வராத நேரங்களில் அதன் இரும்புத் தகட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, சுடரொளி எவனை எடுத்தது, எவனை விட்டது, எவனுக்கு எத்தனை வருட ஒப்பந்தம், எவனுடைய முழங்கால் இன்னும் எத்தனை ஆட்டம் தாங்கும் என்று பேசிக்கொண்டிருப்போம். போன வருடமும் இதையே பேசினோம், அதற்கு முந்தின வருடமும் இதையே பேசினோம், பேசி முடித்துத் தை பிறந்து மைதானம் காய்ந்ததும் அவர்கள் ஜெயிப்பார்கள், நாங்கள் தோற்போம்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் கறிக்கடை சிக்கந்தர் குடையை மடக்கிக்கொண்டே வந்து, சுடரொளி தவசிமுத்துவை எடுத்துவிட்டது என்றார்.

"எத்தனை வருஷத்துக்கு?" என்று கொண்டல்சாமி கேட்டார்.

"ரெண்டு."

"எந்த எடத்துல ஆட வைக்கப் போறாங்க? சென்டர் ஹாஃபுக்கு அந்த ஓசூர்ப் பையன் இருக்கானே."

"ஓசூர்ப் பையனைக் கழிச்சு விட்டாச்சு."

ரயில்வே பார்சல் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற அல்போன்ஸ், எதையும் கடைசியில்தான் கேட்பவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தவசிமுத்து செத்து ஆறு வருஷம் இருக்குமே வே" என்றார்.

"இருக்கும். அதான் ரெண்டு வருஷத்தோட நிறுத்திக்கிட்டாங்க. இல்லன்னா மூணு போட்டிருப்பாங்க" என்றார் சிக்கந்தர்.

அது எங்களுக்கு நியாயமாகவே பட்டது.

தவசிமுத்து எங்கள் ஆள். மேற்கே பிறந்து, மேற்கே வளர்ந்து, உதயத்துக்கு சென்டர் ஹாஃபாக நின்று, அவன் நின்ற காலத்தில்தான் நாங்கள் கடைசியாகக் கோப்பையைத் தொட்டுப் பார்த்தோம். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது, அந்த வேலையில் இருக்கும்போதே ஓர் ஆடி மாதம் மஞ்சள் காமாலை முற்றி இறந்தான். கழகத்தின் பச்சைச் சட்டையைப் போர்த்தித்தான் கொண்டுபோனோம். அதே சட்டையோடுதான், கீழ் விளிம்பு மட்டும் லேசாகக் கருகியிருக்க, கையில் மட்டையோடு திரும்பி வந்திருந்தான் என்று கிழக்கே பார்த்தவர்கள் சொன்னார்கள்.

முதலில் அவன் எங்கள் கழகத்துக்குத்தான் வந்திருக்கிறான். ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆட்டம் முடிந்ததும் கழக அறையைப் பூட்டிச் சாவித்துவாரத்தை மெழுகால் அடைத்துவிடுவோம், தை பிறக்காமல் திறக்க மாட்டோம். எப்போதோ ஒரு கார்த்திகையில் கேரம் பலகை எடுப்பதற்காக யாரோ திறந்து, அந்தப் பருவம் முழுவதும் ஆட்டக்காரர்களுக்குக் கணுக்கால் கணுக்காலாக முறிந்ததிலிருந்து வந்த வழக்கம் அது. அவன் நாள் முழுவதும் அந்தப் பூட்டிய கதவின் முன்னால் மழையில் உட்கார்ந்திருக்கிறான். எங்களில் பலர் அந்த வழியாகப் போயிருக்கிறோம். வெளியூரிலிருந்து வாய்ப்புக் கேட்டு வந்த எவனோ என்று நினைத்து, குடைக்குள்ளிருந்தபடி முகத்தைப் பார்க்காமலே, "தை பொறந்து வாங்க தம்பி" என்று அல்போன்ஸ் சொல்லிவிட்டுப் போனதாகவும், அவன் தலையாட்டிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனதாகவும் பிறகு தெரியவந்தது. சுடரொளியை நடத்துகிற தீப்பெட்டி ஆலைக்காரர்கள் கழகத்துக்குக் காவலாள் போட்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. அவனுக்குத் துண்டு கொடுத்தார்களாம், துவட்டிய பிறகும் துண்டு ஈரமாகவில்லையாம். அவர்களுடைய மேலாளர் ரெங்கநாதன் மறுநாள் காலையிலேயே ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்.

ஊருக்கு அவன் பழகிப்போக அதிக நாள் ஆகவில்லை. டீக்கடையில் அவன் குடித்து வைத்த தம்ளரில் டீ அளவு குறையாமல் இருந்ததால் கடைக்காரர் பாதி விலை வாங்கிக்கொண்டார். முடிவெட்டுகிறவர் வெட்ட வெட்ட அதே நீளத்துக்கு நின்ற முடியைப் பார்த்து அலுத்துப்போய், "இதுக்கு மேல என்னால ஆகாதுப்பா" என்று துணியை உதறினார். கிழக்கே பெண்கள் தங்கள் வீட்டு இறந்தவர்களைப் பற்றி அவனிடம் விசாரித்துப் பார்த்து, அவன் ஆட்டக்காரர்களைத் தவிர யாரையும் கவனித்ததில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். பக்கத்து ஊர்க் கழகங்கள் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஓர் ஊரில் லாரி மோதிச் செத்த கோல்கீப்பருக்காக ஒரு வாரம் சுடுகாட்டில் டீ பிளாஸ்கோடு காத்திருந்தார்கள், இன்னோர் ஊரில் செத்துப்போன லெஃப்ட் அவுட்டின் வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி வைத்தார்கள், யாரும் வரவில்லை, மழை மட்டும் வந்தது.

நாங்கள் எடைமேடையில் உட்கார்ந்து அவனை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். செத்தவனுக்கு மூச்சு வாங்காது, தசை பிடிக்காது, கடைசிப் பத்து நிமிஷத்தில் கால் கனக்காது என்று கொண்டல்சாமி சொன்னார். ஆனால் அவன் போன பிறகுதான் வெளியூர் மைதானங்களில் செயற்கைத் தரை வந்தது, மண்தரையில் ஆடியவன் அதில் பந்தின் வேகத்துக்கு எப்படிக் குனிவான் என்று அல்போன்ஸ் கேட்டார். செத்தவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினால் அவன் எங்கே போய் உட்காருவான் என்று சிக்கந்தர் கேட்டார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் சுடரொளி மறுபடியும் எங்களை முந்திவிட்டது என்பதுதான் மிஞ்சியது.

ஒரு மாலையில் அவனே எங்களைப் பார்க்க வந்தான். சுடரொளியின் மஞ்சள் சட்டையைப் பச்சைச் சட்டைக்கு மேலேயே போட்டிருந்தான், கழுத்தில் பச்சை தெரிந்தது. தகட்டின் மேல் ஏறி எங்களோடு உட்கார்ந்தான். கொண்டல்சாமி பழக்கத்தில் அறைக்குள் எட்டி எடை காட்டுகிற எண்ணைப் பார்த்தார், அது மாறவில்லை.

"எளைச்சிட்டியேடா" என்றார்.

"ஏன்டா தவசி, செத்தும் சுடரொளிக்குத்தான் போகணுமா? கொஞ்சமாவது இருக்கா உனக்கு?" என்று சிக்கந்தர் கேட்டார்.

"கதவு தெறந்திருந்துச்சு பாய்."

"அங்க ஹாக்கி கிடையாதாக்கும்?"

"இருக்கு. ஆள்தான் சேர மாட்டேங்குது. பதினோரு பேரைத் திரட்டுறதுக்குள்ள ரெண்டு பேரு எங்கயாவது போய்ப் பொறந்துடுறான்." மட்டையின் பிடியில் பிரிந்திருந்த நாடாவைச் சுற்றிவிட்டுக்கொண்டான். "சும்மா இருந்து அலுத்துப்போச்சு அண்ணாச்சி. ஒரு பருவம் ஆடிட்டாப் போதும்னு வந்தேன்."

அலுப்பு எங்களுக்கும் தெரிந்ததுதான்.

அவன் மனைவி பூரணம் எங்களைத் தேடி வந்தது அதற்கு அடுத்த வாரம். அலுவலகம் விட்டு நேராக வந்திருந்தாள், தோளில் சாப்பாட்டுப் பை தொங்கியது. அவன் பணியில் இருக்கும்போது இறந்ததால் கருணை அடிப்படையில் அவளுக்கு அதே அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது, கிடைப்பதற்குள் மூன்று வருடம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீசில் மனுவோடு நின்றிருக்கிறாள், நாங்களும் சில திங்கட்கிழமைகளில் துணைக்குப் போயிருக்கிறோம்.

"அண்ணாச்சி, அந்த ரெங்கநாதன், இவரு செத்ததா முனிசிபாலிட்டில பதிஞ்சதை ரத்து பண்ணச் சொல்லிக் குடுத்திருக்காராம். உசுரோட இருக்காருன்னு ஆனாத்தான் பேரைப் பதிய முடியுமாம்" என்றாள்.

"ஆமாம்மா. செத்தவன் பேரை ஹாக்கிச் சங்கம் ஏத்துக்காது" என்றார் அல்போன்ஸ்.

"அவரு உசுரோட இருக்காருன்னு எழுதிட்டாங்கன்னா எனக்கு வேலை எதுக்கு? செத்ததுக்குத்தானே குடுத்தாங்க. எங்க சூப்பிரண்டு இன்னிக்கே கேட்டாரு, என்னம்மா, வீட்டுக்காரர் வந்துட்டாராமேன்னு. சிரிச்சிக்கிட்டுத்தான் கேட்டாரு. எனக்குச் சோறு எறங்கல." பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "பிள்ளை பிளஸ் டூ படிக்குது. நீங்க எல்லாரும் தூக்கிட்டுப் போனவங்கதானே. வெள்ளிக்கிழமை சங்கத்துக்காரங்க வர்றாங்களாம். அவரு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்கிறோம் என்றோம். சொல்வதில் எங்களுக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. அவன் செத்தவன் என்றால் சுடரொளியால் அவனை இறக்க முடியாது, ஓசூர்ப் பையனையும் விட்டுவிட்டார்கள், நடுவில் ஆள் இல்லாமல் அவர்கள் தவிப்பதை நாங்கள் பார்க்கலாம். பூரணத்துக்கும் நல்லது, உதயத்துக்கும் நல்லது என்று அன்றைக்கு ஒரு நிம்மதியோடு கலைந்தோம்.

மறுநாள் அல்போன்ஸ்தான் அதைக் கெடுத்தார். ஒவ்வொரு வருடமும் எங்கள் அணியின் பெயர்களைச் சங்கத்துக்கு அனுப்பும்போது, எடுக்க மனசு வராமல், கடைசிப் பெயராகத் தவசிமுத்துவையும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருந்தோம். அது எங்களுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான், சங்கத்தில் யாரும் அதைக் கவனித்ததும் இல்லை. ஆனால் விதிப்படி பார்த்தால், நாங்கள் அவனை இன்னும் விடுவிக்கவே இல்லை என்றார் அல்போன்ஸ்.

"அப்படின்னா?" என்று கேட்டார் கொண்டல்சாமி.

"அவன் உசுரோட இருந்தா நம்ம ஆளு. நம்ம ரிலீஸ் குடுக்காம ரெங்கநாதன் போட்ட காண்ட்ராக்ட் செல்லாது. அவன் செத்திருந்தாத்தான் யாருக்கும் இல்ல."

மழை விட்டிருந்தது. எடைமேடைக்குப் பருத்தி ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்று ஒலி எழுப்பியும் யாரும் தகட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. தவசிமுத்து நடுவில் நிற்கிற ஆட்டத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவன் குனிந்து பந்தைத் தடுத்து, நிமிராமலே வலப்பக்கம் தள்ளிவிடுவதை, கிழக்குக் காலரி வாயடைத்து உட்கார்ந்திருப்பதை.

"பூரணத்துக்கு வார்த்தை குடுத்திருக்கோம்" என்றார் சிக்கந்தர்.

"வேற வேலை பாத்துக் குடுப்போம் பாய். கழகம் என்ன, கைவிட்டுருமா?"

"எங்க பாத்துக் குடுப்ப? உன் எடைமேடையிலயா?"

"புருஷன் திரும்பி வந்தா எந்தப் பொம்பளையாவது வேண்டாம்பாளா? வேலை பெருசா, ஆளு பெருசா?"

"அதை அவகிட்டப் போய்ச் சொல்லு."

யாரும் போய்ச் சொல்லவில்லை. வியாழக்கிழமை மாலைக்குள் எங்கள் பேச்சு மெல்ல மெல்ல வேறாகிவிட்டது. யாரும் தீர்மானம் போடவில்லை, ஆனால் செத்துப்போனான் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை, அவன் ஊரில் இல்லாத காலம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தோம், சிக்கந்தர்கூட அப்படித்தான் சொன்னார்.

சங்கத்து ஆட்கள் அலுவலக வேலையாக வேறொரு ஊருக்குப் போய்விட்டதால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் தள்ளிப்போய், அடுத்த புதன்கிழமை மதியம் மைதானத்துக் காலரியில் நடந்தது. நாற்காலிகள் போட நாங்கள் முன்னாலேயே போனோம். தவசிமுத்து மட்டையோடு தனியாக நடுக்கோட்டருகே நின்று, காலால் சேற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பூரணம் மதிய இடைவேளையோடு பெர்மிஷனும் சேர்த்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அவன் திரும்பி வந்த பிறகு அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. நாங்கள் நாற்காலிகளைச் சத்தமில்லாமல் விரித்தோம்.

"வந்து இத்தனை நாளாச்சு" என்றாள் அவள்.

"வீடு மாத்திட்டியாமே. எங்கன்னு தெரியல."

"கேட்டா யாரும் சொல்லியிருப்பாங்க. கேக்கணும்ல."

அவன் கழுத்தில் தெரிந்த மஞ்சள் சட்டையையும் பச்சைச் சட்டையையும் அவள் பார்த்தாள்.

"எப்பவும் இப்படித்தானே. டூர்ணமெண்ட்ல இருந்து வந்தாலும் முதல்ல கிளப்பு, அப்புறந்தான் வீடு."

"பிள்ளை நல்லாருக்கா?"

"நல்லாருக்கா. உங்க ஒசரம் வந்துட்டா. நீங்க வந்தது அவளுக்குத் தெரியும். ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. பரீட்சை முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்." அவள் சேலை நுனியைச் சேற்றில் படாமல் தூக்கிக்கொண்டாள். "முதல்ல ரெண்டு வருஷம் டீ வாங்கியாரத்தான் விட்டாங்க. இப்போ தபால் செக்‌ஷன். எனக்குன்னு ஒரு மேசை இருக்கு, நாற்காலி இருக்கு. யாராவது வந்து நின்னா, உக்காருங்கன்னு நான் சொல்றேன். நீங்க இருந்தப்ப நான் யாருகிட்டயும் அப்படிச் சொன்னதில்ல."

"நான் செத்தவன்னு நீ சொல்லணும், அதானே."

"ஆமா. முன்னாடி ஒருக்கச் சொல்லியிருக்கேன். மூணு வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தேன். பழகிப்போச்சு."

"ஒரு பருவம் ஆடிட்டுப் போயிடலாம்னு பாத்தேன் பூரணம்."

"தெரியும்" என்றாள்.

சங்கத் தலைவர் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு பேரோடு வந்து சேர்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, தவசிமுத்துவின் மணிக்கட்டை முறைக்காகப் பிடித்துப் பார்த்தார். "எனக்கு மாட்டுக்குத்தான் பாக்கத் தெரியும்" என்று விட்டுவிட்டார். ரெங்கநாதன் எழுந்து, ஆள் கண் முன்னால் நிற்கிறான், இதைவிட என்ன வேண்டும் என்றார். பிறகு எங்கள் முறை வந்தது. அல்போன்ஸ் எழுந்து, பூரணம் உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல், ஆள் இருக்கிறான் என்பதை உதயம் கழகமும் ஒப்புக்கொள்கிறது, ஆனால் அவனை நாங்கள் விடுவிக்கவில்லை என்று சொல்லி உட்கார்ந்தார். சிக்கந்தர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கும் மேற்கும் ஒன்றையே சொன்னது எங்கள் நினைவில் அதுதான் முதல் தடவை.

பூரணம் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து நின்று, தபால் பிரிவில் பேசுகிற குரலில், "என் வீட்டுக்காரர் தவசிமுத்து ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஆடி மாசம் இறந்துட்டாருங்க சார்" என்றாள்.

"எதிரில நிக்கிறது யாரும்மா?"

"அவருதான்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் அன்று காலையிலிருந்து மூன்று ஊர் பார்த்துவிட்டு வந்திருந்தார். "ரெண்டு கிளப்பும் இருக்கான்னு சொல்லுது. இந்தம்மா இல்லைன்னு சொல்லுது. நீயே சொல்லிடப்பா. நீ இருக்கியா, இல்லையா?"

தவசிமுத்து மைதானத்தைப் பார்த்தான். தண்ணீர் வற்றி, கோல் வட்டத்தின் வெள்ளைக்கோடு அங்கங்கே தெரிய ஆரம்பித்திருந்தது, இன்னும் ஒரு மாதத்தில் ரோலர் ஓட்டிவிடலாம். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ரெங்கநாதன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் கூப்பிடவில்லை.

"அவ சொல்றதுதான் சார்" என்றான்.

அத்தோடு முடிந்தது. தலைவர் ஏதோ எழுதினார், பூரணத்திடம் கையெழுத்து வாங்கினார், டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ரெங்கநாதன் காலரியை விட்டு இறங்குவதற்குள் கைபேசியில் ஓசூர்ப் பையனைப் பிடித்துவிட்டார், அவனுக்கு மூன்று வருடம் தருவதாகப் பேசுவது எங்களுக்குக் கேட்டது. கொண்டல்சாமி, "மூணு வருஷமா? அவன் முழங்காலுக்கா?" என்றார் மெதுவாக, அதற்கு அல்போன்ஸ், இடது முழங்கால்தான் மோசம், வலது பரவாயில்லை என்றார்.

தவசிமுத்து மஞ்சள் சட்டையைக் கழற்றி, மடித்து, ரெங்கநாதன் விட்டுப்போன நாற்காலியின் மேல் வைத்தான். எல்லோரும் அவன் போய்விடுவான் என்று நினைத்தோம், அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை, அங்கேயே நின்றான். பூரணம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணி பார்த்தாள்.

"நான் எங்க போக?" என்று அவன் கேட்டான்.

அவள் படிகளில் இரண்டு இறங்கி, நின்று, யோசித்தாள். முகத்தில் கோபம் இல்லை, நாள் முழுவதும் கவுண்டரில் உட்கார்ந்தவர்களின் அலுப்புதான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. காலையிலயே வேண்டாம், துவைக்கிற வேலை இருக்கும். பத்து மணிக்கு மேல வாங்க. தண்ணி டேங்குக்குப் பின்னால, மூணாவது வீடு. மத்த நாள் எனக்கு ஆபீஸ் இருக்கு."

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு இல்லாத ஓரமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அவள் அலுவலகத்தின் திசையில் வேகமாக நடந்தாள். அவள் தெருவில் திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான்.

"இன்னிக்கு என்ன கெழமை?"

"புதன்" என்றார் சிக்கந்தர்.

அவன் தலையாட்டினான். காலரியின் கீழ்ப்படியில், வெயில் படுகிற இடமாகப் பார்த்து, மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.